காட்டுப்பாதை ஓட்டத்துக்கு ஷூ வாங்கப் போகிறீர்களா? முதலில் தரையைப் பாருங்கள்

எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் ஷூ ரேக்கில், காட்டுப்பாதையில் ஓடுவதற்கென்று வாங்கிய இரண்டு ஜோடிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றின் அடியில் 6 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கூரான பற்கள், இன்னும் புதுசு மாதிரியே இருக்கின்றன. இன்னொன்றின் பற்கள் வாங்கும்போதே 4 மில்லிமீட்டர்தான், இப்போது முன்பாதத்துக்குக் கீழே பாதி தேய்ந்துவிட்டன. யார் பார்த்தாலும் முதல் ஜோடியைத்தான் கையில் எடுப்பார்கள். கடையில் நானும் அதைத்தான் எடுத்தேன், விற்றவரும் நல்ல பிடிப்பு என்றுதான் சொன்னார். ஒரு டிசம்பர் காலை, இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்த நேரம், இங்கே சிங்கப்பூரில் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் ஓரமாகப் போகும் மரப்பலகைப் பாதையில் அந்த ஷூவோடு ஒரு வளைவில் திரும்பினேன். கால் அப்படியே சறுக்கிக்கொண்டு போனது, இடுப்பு பலகையில் மோதியது, இரண்டு வாரம் ஓட முடியவில்லை. அதே பலகையில் அதே மாதிரி ஈரத்தில் அந்தத் தேய்ந்த ஜோடியோடு இன்றைக்கும் போய்வருகிறேன். ஈரப்பலகை என்றால் வேகத்தைக் குறைப்பேன், அவ்வளவுதான்.

இது ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் ஷூ வாங்குவதில் பாதி வேலை முடிந்துவிடும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாம் பிடிப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் இரண்டு வேலை. மென்மையான மண்ணில் ஷூவின் பற்கள் உள்ளே இறங்க வேண்டும், இறங்கி மண்ணைப் பின்னால் தள்ள வேண்டும், டிராக்டர் சக்கரம் வயலில் செய்வது இதைத்தான். அங்கே பல் எவ்வளவு உயரம், பற்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதுதான் முக்கியம், ஏனென்றால் இடைவெளி குறைந்தால் சேறு அடைத்துக்கொண்டு ஷூவின் அடி வழவழ என்று ஆகிவிடும். ஆனால் பாறையிலும் பலகையிலும் சிமென்ட்டிலும் பல் எங்கே போய் இறங்கும்? இறங்க இடமில்லை. அங்கே வேலை செய்வது ரப்பர் மட்டும்தான். ரப்பர் மெத்தென்று இருந்தால் தரையில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் மேடு பள்ளங்களுக்குள் அழுந்திப் பற்றிக்கொள்ளும், கெட்டியாக இருந்தால் மேலோடு நழுவும். பள்ளிக்கூடத்தில் பென்சிலை அழிக்க வைத்திருந்த ரப்பரை நினைத்துப் பாருங்கள்: புதுசு தாளைக் கவ்வும், காய்ந்து கெட்டிப்பட்டது தாளின் மேல் வழுக்கிக்கொண்டே போகும்.

இப்போது என் 6 மில்லிமீட்டர் ஷூவுக்கு வருவோம். பற்கள் தள்ளித் தள்ளி இருந்ததால் பலகையைத் தொட்டது அவற்றின் நுனி மட்டும்தான். அந்த ரப்பரும் கெட்டி. நெட்டையான பல் வளைந்து கொடுத்ததில் இருந்த கொஞ்சநஞ்சப் பிடிப்பும் போனது. போதாததற்கு, நிழலில் கிடக்கும் மரத்தில் பாசி ஒரு மெல்லிய படலமாகப் படிந்திருக்கும், அதன் மேல் தண்ணீர். அந்தப் படலத்தைக் கிழித்து மரத்தைத் தொட எந்த ஷூவும் கஷ்டப்படும். பாசி பிடித்த ஈரப்பலகையில் முழுக்க நம்பக்கூடிய ஷூ என்று ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. மெத்தென்ற ரப்பர், கொஞ்சம் அகலமான பற்கள், குறுகிய எட்டு, வளைவில் மெதுவாகத் திரும்புவது, இவ்வளவுதான் நம்மால் முடிந்தது.

ஆகவே நாம் எந்தத் தரையில் ஓடுகிறோம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். மெக்ரிட்சியை ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். அதற்குள்ளேயே மரப்பலகை, வேர் பின்னிக் கிடக்கும் மண்பாதை, சரளைக்கல், மழை பெய்தால் வழுக்கும் செம்மண், இடையில் தார்ச்சாலை என்று எல்லாம் வந்துவிடும். புக்கிட் தீமா 163 மீட்டர் உயரம்தான், ஆனாலும் நம் தீவில் அதைவிட உயர்ந்த குன்று இல்லை. உச்சிக்குப் போக செங்குத்தான தார்ச்சாலை ஒன்று, சுற்றிப் போக கருங்கல்லும் மரப்படிகளும் வேர்களும் நிறைந்த பாதைகள். பழைய மலாயா ரயில் ஓடிய தடம், 2011ல் ரயில் நின்ற பிறகு ரயில் காரிடார் என்று நாம் ஓடும் 24 கிலோமீட்டர் பாதை, பெரும்பாலும் இறுக்கமான சரளையும் புல்லும்தான். செஸ்நட் இயற்கைப் பூங்காவில் மண்ணும் வேரும். புலாவ் உபினில் சரளை, பழைய கருங்கல் குவாரிகளைச் சுற்றி ஏற்ற இறக்கம். சதர்ன் ரிட்ஜஸ் முழுக்கவே இரும்புக் கம்பி வலையும் மரமும் சிமென்ட்டும்தான், அங்கே சாதாரண ரோடு ஷூவே போதும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒன்று தெரியும். நாம் ஓடும் தூரத்தில் பெரும்பகுதி கெட்டித்தரை, அதுவும் அடிக்கடி நனைந்த கெட்டித்தரை. கணுக்கால் புதையும் சேறு இங்கே வருஷத்தில் சில வாரங்கள், சில இடங்களில் மட்டும். இங்கிலாந்தில் புல்மலைகளில் ஓடுகிறவர்களுக்காக 8 மில்லிமீட்டர் பற்களோடு ஷூ செய்கிறார்கள், இனோவ்-8 நிறுவனத்தின் மட்கிளா அப்படிப்பட்டது, அந்தச் சேற்றுக்கு அது சரியான கருவிதான். நம் மெக்ரிட்சிப் பலகைக்கு அது உதவாது. இங்கே ஒரே ஒரு ஜோடி வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் ஓட நினைப்பவருக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை பல், நல்ல மெத்தென்ற ரப்பர் என்று சொல்வேன். சனி ஞாயிறில் மலேசியாவின் ஜோகூர் பக்கம் போய் குளுவாங்கில் குனோங் லம்பாக், இன்னும் தள்ளி 1,276 மீட்டர் குனோங் லேடாங் என்று ஏறுகிறவர்கள் 5 மில்லிமீட்டர் வரை போகலாம், அங்கே களிமண் சரிவும் ஈரப்பாறையும் மாறி மாறி வரும்.

பல்லின் உயரத்தைக் கடையில் எளிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், பெட்டியிலேயே சில நேரம் போட்டிருப்பார்கள். ரப்பர் எப்படி என்றுதான் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. அதற்கு என்னுடைய வழி இது. ஷூவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் ஒரு பல்லை அழுத்துங்கள். நகத்தின் தடம் ஒரு நொடி தெரிந்து, பிறகு மெல்ல மறைந்தால் மெத்தென்ற ரப்பர். நகம் இறங்கவே மறுத்தால் கெட்டி ரப்பர், நிறைய நாள் தேயாமல் வரும், ஆனால் ஈரத்தில் நம்ப முடியாது. அதே பல்லின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி இழுத்துப் பாருங்கள், நல்ல ரப்பர் தோலைப் பிடித்து இழுக்கும். இரண்டு மூன்று ஷூக்களை அடுத்தடுத்து வைத்து இப்படிச் செய்தால் வித்தியாசம் கைக்கே புரியும்.

பல ஷூக்களின் அடியில் மஞ்சள் நிறத்தில் எட்டுக்கோணமாக விப்ரம் என்ற முத்திரை இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது. 1935ல் இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் பொருத்தமில்லாத காலணியோடு ஏறிய ஆறு பேர் பனிப்புயலில் மாட்டி இறந்துபோனார்கள். அவர்களோடு போயிருந்த வித்தாலே பிரமானி என்பவர் அதற்குப் பிறகு, மலைக்கென்றே பல் வைத்த ரப்பர் அடி ஒன்றை உருவாக்கி 1937ல் வெளியிட்டார். அவருடைய பெயரின் முதல் எழுத்துகளும் குடும்பப் பெயரின் முதல் எழுத்துகளும் சேர்ந்ததுதான் விப்ரம். இப்போது அந்த நிறுவனம் ஷூ செய்கிறவர்கள் பலருக்கும் ரப்பர் கொடுக்கிறது, அதில் ஈரப்பாறைக்கென்று சொல்லப்படுவது மெகாகிரிப் என்ற கலவை. ஹோக்கா ஸ்பீட்கோட் போன்றவற்றில் அதைத்தான் போடுகிறார்கள். முத்திரை இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள், எந்தக் கலவை என்றும் பாருங்கள், அந்த நிறுவனமே தேயாமல் உழைப்பதற்கென்று கெட்டிக் கலவைகளும் செய்கிறது. முத்திரை இல்லாமல் சொந்த ரப்பர் போடும் நல்ல நிறுவனங்களும் உண்டு, அதனால் நகச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல். நன்றாகப் பிடிக்கும் ரப்பர் சீக்கிரம் தேயும். இரண்டும் வேண்டும் என்று ஆசைப்படுகிறோம், ஆனால் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும். நான் பிடிப்பின் பக்கம். 50 வெள்ளி (டாலர்) மிச்சம் பிடிப்பதற்காகக் கெட்டி ரப்பர் வாங்கி, ஈரத்தில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொள்வதில் எந்த லாபமும் இல்லை.

அதற்காக வாங்கியதை வீணாக்க வேண்டும் என்பதில்லை. காட்டு ஷூவை உண்மையில் தின்பது காடு இல்லை, தார்ச்சாலை. வீவக அடுக்குமாடி புளோக்குக்குக் கீழிருந்தே ஓட ஆரம்பித்து, நடைபாதையில் 3 கிலோமீட்டர் போய், காட்டில் 6 கிலோமீட்டர் ஓடி, மறுபடி 3 கிலோமீட்டர் நடைபாதையில் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். அதாவது பாதி ஓட்டம் சிமென்ட்டிலும் தாரிலும். சூடான தாரில் மெத்தென்ற பல்லின் ஓரங்கள் முதலில் உருண்டு போகும், அப்புறம் பல்லே குட்டையாகும். முடிந்தால் பேருந்திலோ எம்ஆர்டி ரயிலிலோ போய் காட்டின் வாசலில் ஆரம்பியுங்கள். முடியாது, தினமும் இப்படித்தான் என்றால் சாலைக்கும் காட்டுக்கும் பொதுவாகச் செய்யப்படும் வகையைப் பாருங்கள், பல் 3 மில்லிமீட்டர் அளவில், நெருக்கமாக, நடுப்பகுதி அகலமாக இருக்கும். வேர்ப்பாதையில் கொஞ்சம் குறை தெரியும், ஆனால் நாள் வரும்.

ரப்பருக்கு மேலே இருக்கும் மெத்தை அடுக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் இவிஏ என்ற நுரைதான், ஓட ஓட அமுங்கி உயிர் போகும், பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும் என்று கணக்கு வைப்பார்கள். உடல் எடை, தரை, ஓடும் விதம் எல்லாம் சேர்ந்து அதை மாற்றும். மெத்தை அதிக உயரமாக இருந்தால் காலுக்குச் சுகம், ஆனால் வேரின் மேல் பக்கவாட்டில் மிதித்தால் கணுக்கால் புரளும் வாய்ப்பும் அதிகம். புதிதாக ஆரம்பிப்பவர்கள் தரைக்கு ரொம்பத் தள்ளி நிற்கும் ஷூவை வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சிலவற்றில் கூர்க்கல் குத்தாமலிருக்க நடுவில் ஒரு மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். இங்கே கூர்க்கல் குறைவு, அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் இருக்கும் ஆல்ட்ரா போன்றவற்றுக்குப் போக நினைத்தால் மெல்ல மெல்லப் போங்கள், கெண்டைக்கால் பழகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

தண்ணீர் புகாத ஷூ இருக்கிறதே, மழை நாட்டுக்கு அதுதானே சரி என்று பலரும் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான், ஆனால் கோர்-டெக்ஸ் போன்ற அடுக்கு குளிர்நாட்டில் ஈரப்புல்லில் ஓடுகிறவர்களுக்குப் பொருந்தும். இங்கே பெய்கிற மழையில் தண்ணீர் மேலேயிருந்து, கணுக்கால் வழியாக, காலுறையோடு உள்ளே இறங்கும். இறங்கிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தொட்டி மாதிரி நிற்கும். மழையே இல்லாவிட்டாலும் நம் புழுக்கத்தில் வேர்வை மட்டுமே போதும். வலை போன்ற துணியுள்ள ஷூவை வாங்குங்கள், உள்ளே போன தண்ணீர் பத்து எட்டில் வெளியே பீய்ச்சிவிடும். பருத்திக் காலுறை வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கொப்புளம் போடும்.

தண்ணீரை வெளியே விடும் ஷூவுக்கு இன்னொரு பயனும் உண்டு, எனக்கு அது மனசுக்கு நெருக்கமானது. பாதையில் குட்டை தேங்கியிருந்தால் கால் நனையுமே என்று ஓரத்தில் செடிகளை மிதித்துச் சுற்றிப் போகிறோம். நூறு பேர் அப்படிப் போனால் பாதை அகலமாகும், வேர்கள் வெளியே தெரியும், மண் அரித்துக்கொண்டு போகும். புக்கிட் தீமா காட்டை 2014 செப்டம்பரிலிருந்து இரண்டு வருஷம் மூடிச் செப்பனிட வேண்டிவந்ததில் நம் கால்களின் பங்கும் இருந்தது. 2016 அக்டோபரில்தான் முழுதாகத் திறந்தார்கள். குட்டையின் நடுவிலேயே கால் வைத்துப் போங்கள். அதற்குத்தான் அந்த ஷூ.

மேல்பகுதியில் முதலில் கிழிவது சுண்டுவிரல் மடங்கும் இடம். கடையில் ஷூவை முன்பக்கமாக மடக்கிப் பாருங்கள், அந்த மடிப்பில் துணி மட்டும் இருக்கிறதா, மேலே மெல்லிய ரப்பர் பூச்சு ஓடுகிறதா என்று தெரியும். பூச்சு இருப்பது கூடுதல் நாள் வரும். கால்விரல் நுனியில் கெட்டியான காப்பு இருப்பது அவசியம், வேரில் இடிக்கும் ஒரே ஒரு நாள் போதும் அதன் அருமை தெரிய.

இனி, நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம். இங்கே நிறைய ஷூக்கள் தேய்ந்து சாவதில்லை, பசை விட்டுச் சாகின்றன. அலமாரியில் ஒரு வருஷம், இரண்டு வருஷம் சும்மா கிடந்த ஷூவை எடுத்துப் போட்டு நாலு எட்டு வைத்ததும் அடி மொத்தமாகக் கழன்று வாய் பிளந்து நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரப்பரையும் மெத்தையையும் ஒட்டும் பசை பெரும்பாலும் பாலியூரித்தேன் வகை. காற்றிலிருக்கும் ஈரம் அதற்குள் புகுந்து கொஞ்சம் கொஞ்சமாக அதன் பிணைப்பை அறுக்கும், வெப்பம் அதை வேகப்படுத்தும். வருஷம் முழுக்கச் சூடும் ஈரமுமாக இருக்கிற நம் தீவில் ஷூ பெட்டிக்குள் கிடந்தாலே வயதாகிறது. மெத்தையே பாலியூரித்தேனாக இருந்தால் அது பிஸ்கட் மாதிரி பொடிந்துவிடும், மலையேறும் கனமான பூட்ஸ்களில் இது அதிகம். அதனால் தள்ளுபடி என்று இரண்டு ஜோடி வாங்கி ஒன்றைப் பத்திரப்படுத்தாதீர்கள். பல நிறுவனங்கள் ஷூவின் நாக்குக்கு உள்ளே தைத்திருக்கும் சீட்டில் செய்த தேதியைப் பொடி எழுத்தில் போடுகின்றன, மலிவு விற்பனையில் வாங்கும்போது அதைக் கட்டாயம் படியுங்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் செய்தது என்றால் நான் வாங்க மாட்டேன்.

ஓடி வந்ததும் செய்ய வேண்டியதும் இதோடு சேர்ந்ததுதான். மண்ணைத் தண்ணீரில் அலசி, உள்தகட்டை (பாதம் படும் இன்சோலை) வெளியே எடுத்து, உள்ளே பழைய நாளிதழைத் திணித்து மின்விசிறிக்கு முன்னால் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து நனைந்த தாளை மாற்றுங்கள். வெயிலில் காய வைக்க வேண்டாம், துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடவே வேண்டாம், சூடு பசைக்கு எமன். வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியும் அப்படித்தான். மறுநாளும் ஓடுகிறவர் என்றால் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒன்று முழுதாகக் காய இங்கே ஒரு நாள் போதாது.

கடைக்கு எப்போது போவது? மாலையில், அதுவும் கொஞ்சம் நடந்துவிட்டு. குவீன்ஸ்வே கடைத்தொகுதியிலோ நொவீனாவிலோ ஒரு சுற்று நடந்தாலே கால் கொஞ்சம் வீங்கிவிடும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடும் காலுறையையே போட்டுக்கொண்டு போங்கள். ஷூவின் உள்தகட்டை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன் மேல் நின்று பாருங்கள், பாதம் தகட்டுக்கு வெளியே வழிந்தால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகல், எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள். நம்மில் பலருக்கு முன்பாதம் அகலம், சின்ன வயதில் செருப்பிலேயே நடந்தவர்களுக்கு இன்னும் அகலம். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல் முட்டி முட்டி நகம் கறுத்துப் போகும். குதிகால் மட்டும் அசையவே கூடாது. அசைந்தால், கயிறு கோக்கும் துளைகளில் கடைசியாக, கணுக்காலுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் காலியாக விட்டுவைக்கும் ஒரு துளை இருக்கும். ஒவ்வொரு பக்கத்துக் கயிற்றையும் அதே பக்கத்துத் துளையில் விட்டு ஒரு சின்ன வளையம் செய்து, எதிர்ப்பக்கக் கயிற்றை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டுங்கள். குதிகால் பூட்டுப் போட்ட மாதிரி நிற்கும். கடையின் படிக்கட்டில் நாலு படி இறங்கிப் பாருங்கள், விரல் முன்னால் இடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

விலை 200 வெள்ளியை ஒட்டியும் அதற்கு மேலும் போகும், ஆரம்பத்தில் அது பெரிய பணம்தான். இன்னும் காட்டில் ஓடியே பார்க்காதவர் என்றால் வாங்க அவசரப்பட வேண்டாம். மழை பெய்யாத ஒரு வாரத்தில் இருக்கும் ரோடு ஷூவைப் போட்டுக்கொண்டு ரயில் காரிடாரிலும் மெக்ரிட்சியிலும் மெதுவாகப் போய்வாருங்கள். எந்த இடத்தில் கால் நழுவுகிறது, எந்த இடத்தில் கல் குத்துகிறது என்று கவனியுங்கள். அந்தக் குறிப்போடு கடைக்குப் போனால் விற்பவர் காட்டுவதை வாங்காமல், உங்களுக்குத் தேவையானதைக் கேட்டு வாங்குவீர்கள்.

புது ஜோடியின் முதல் ஓட்டத்துக்கு 5 கிலோமீட்டர் போதும். கிளம்பும் முன் ஷூவின் அடியைப் படம் பிடித்து வையுங்கள், 100 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மறுபடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்பாதத்துப் பற்களின் ஓரம் உருண்டு, உயரம் பாதியாகிவிட்டதென்றால் வேர்ப்பாதைக்கும் களிமண்ணுக்கும் அதை எடுத்துப் போகாதீர்கள். மெத்தை இன்னும் உயிரோடு இருந்தால் ரயில் காரிடாருக்கு வைத்துக்கொள்ளலாம்.